ஹுட் என்ற ஒரே பெயரில் ஆள், மலை, ஆறு, கப்பல்: எது யாருடைய பெயர்?

வரைபடப்பித்தன்:

வணக்கம். ‘ஹுட்’ என்ற ஆங்கிலக் குடும்பப் பெயருக்குத் தமிழில் ஒரு பக்கவழி நெறிப்படுத்தல் பக்கம் (ஒரே பெயருள்ள பலவற்றைப் பிரித்துக் காட்டும் பட்டியல்) தயார் செய்கிறேன். ஆட்கள், ஊர்கள், கப்பல்கள் எல்லாம் ஒரே இடத்தில் வர வேண்டும். கிடைக்கிற பட்டியல்களில் எல்லாம் ‘அட்மிரல் ஹுட் நினைவாகப் பெயரிடப்பட்டது’ என்று ஒற்றை வரியோடு முடித்துவிடுகிறார்கள். எந்த அட்மிரல் என்பதுதானே கேள்வி? சாமுவேல் ஹுட் என்றே இரண்டு பேர் இருக்கிறார்கள். இருவரும் பிரிட்டிஷ் கடற்படை, இருவருக்கும் ‘சர்’ பட்டம்.

எனக்குத் தெளிவாக வேண்டியவை:

அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்து ஹுட் மலையும், 1941இல் ஜெர்மன் போர்க்கப்பல் பிஸ்மார்க் மூழ்கடித்த எச்.எம்.எஸ். ஹுட் கப்பலும் ஒரே ஆள் பெயரா? ஹுட் ஆறு என்று ஒரிகனில் ஒன்று, கனடாவில் ஒன்று வருகிறது, இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா? டெக்சாஸ் ஹுட் கோட்டை இந்தக் குடும்பத்தோடு சேருமா? கப்பல்களை எந்த ஆண்டு போட்டு வரிசைப்படுத்துவது?

விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

கொடிமரம்:

முதலில் அந்தப் பட்டியலில் இரண்டு பத்திகளை (நெடுவரிசைகளை) கூட்டுங்கள். பெயர், வகை, ஆண்டு என்று மூன்று மட்டும் வைத்தால் குழப்பம் தீராது. ‘நேராக எதிலிருந்து வந்த பெயர்’ என்று ஒரு பத்தி, ‘முதல் ஆள் யார்’ என்று இன்னொரு பத்தி வேண்டும். ஹுட் விஷயத்தில் பாதிப் பெயர்கள் ஆளிலிருந்து நேராக வந்தவை அல்ல. ஆளிலிருந்து மலைக்கும், மலையிலிருந்து ஆற்றுக்கும், ஆற்றிலிருந்து ஊருக்கும், ஊரிலிருந்து மாவட்டத்துக்கும் கைமாறியவை.

குடும்பத்தைச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் சாமர்செட் பகுதியில் பட்லி என்று ஒரு சிற்றூர். அந்த ஊர்ப் பாதிரியாரின் இரண்டு பிள்ளைகள் கடற்படைக்குப் போனார்கள். மூத்தவர் சாமுவேல் ஹுட் (1724–1816). இளையவர் அலெக்சாண்டர் ஹுட் (1726–1814). இளையவர் பின்னாளில் பிரிட்போர்ட் பிரபு ஆனதால், பட்டம் வந்த பிறகான ஆவணங்களில் ஹுட் என்ற பெயரே அவருக்கு இருக்காது. அவரைத் தேடும்போது இரண்டு பெயரிலும் தேடுங்கள்.

இவர்களுக்குப் பங்காளி முறையில் இன்னும் இரண்டு சகோதரர்கள், அதே பெயர் ஜோடியோடு: கேப்டன் அலெக்சாண்டர் ஹுட் (1758–1798), சர் சாமுவேல் ஹுட் (1762–1814). அப்பன் பெயரைப் பிள்ளைக்கு, தாத்தா பெயரைப் பேரனுக்கு என்று நம்மூர் வழக்கம் போலவே அங்கும் இரண்டு பெயர்களைத் திருப்பித் திருப்பி வைத்திருக்கிறார்கள். எல்லாத் தலைவலிக்கும் காரணம் இதுதான்.

இரண்டு சாமுவேல்களையும் பிரிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. மூத்தவர் 1782இல் செயின்ட்ஸ் கடற்போருக்குப் பிறகு பிரபு ஆனார். 1796இல் வைகவுண்ட் என்ற இன்னும் உயர்ந்த பிரபுப் பட்டம். ஆகவே 1781இல் நடந்த செசபீக் கடற்போரில் ‘சர் சாமுவேல் ஹுட்’ என்று வந்தால் அது மூத்தவர். 1782க்குப் பிறகு ‘லார்ட் ஹுட்’ என்றால் அவரேதான். இளைய சாமுவேலுக்கு ‘சர்’ கிடைத்தது 1804இல், பாரனெட் (பரம்பரையாக வரும் ‘சர்’) பட்டம் 1809இல். எனவே 1804க்குப் பிறகு ‘சர் சாமுவேல் ஹுட்’ என்று வந்தால் அது இளையவர். நைல் போரில் (1798) ஜெலஸ் கப்பலின் தலைவராகவும், 1806இல் ரோஷ்ஃபோர் அருகே சண்டையில் ஒரு கையை இழந்தவராகவும் வருபவர் இவரே. செயின்ட்ஸ் போரில் இளையவர், மூத்தவரின் கொடிக்கப்பலான பார்ஃப்ளரிலேயே பணிபுரிந்தார் என்பதால் அந்த ஒரு போர்க் கட்டுரையில் மட்டும் இருவருமே வருவார்கள். அங்கே பட்டத்தையும் பதவியையும் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும்.

அடுத்த தலைமுறைகளில் உங்களுக்கு வேண்டியவர்கள் இரண்டே பேர். ஆர்தர் ஹுட் (1824–1901): கேப்டன் அலெக்சாண்டரின் பேரன், 1885 முதல் 1889 வரை பிரிட்டிஷ் கடற்படையின் தலைமைப் பதவியில் இருந்தவர், ‘ஏவலன் ஹுட் பிரபு’. ஹொரேஸ் ஹுட் (1870–1916): மூத்த சாமுவேலின் நேர் வம்சம், 1916 மே 31 அன்று ஜட்லாண்ட் கடற்போரில் இன்வின்சிபிள் கப்பல் வெடித்தபோது அதில் இறந்தவர்.

உங்கள் முதல் கேள்விக்கு: ஆம். ஒரிகன் மலையும் 1941இல் மூழ்கிய கப்பலும் மூத்த சாமுவேல் பெயர்தான்.

---

திருமலைக்காரன்:

இளைய சாமுவேலை விட்டுவிடாதேங்கோ. அவர் கிழக்கிந்தியக் கடற்படைப் பிரிவின் தளபதியாக இருந்து, 1814 டிசம்பர் 24 அன்று சென்னப்பட்டணத்தில் இறந்தவர். திருகோணமலைக் கடற்படைத் தளத்துக்குள், ஒஸ்டென்பேர்க் கோட்டை நிற்கிற மேட்டில் இருக்கிற ‘ஹுட் கோபுரம்’ அவர் பெயரில்தான். இப்ப அது இலங்கைக் கடற்படையின் அருங்காட்சியகம்.

இதிலை ஒரு பொறி இருக்கு. 1924 ஜனவரி கடைசியில் எச்.எம்.எஸ். ஹுட் உலகச் சுற்றுப் பயணத்தில் ரிப்பல்ஸ் முதலான கப்பல்களோடு திருகோணமலைக்கு வந்து நின்றது. அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு, கப்பல் வந்தபடியால்தான் கோபுரத்துக்கு அந்தப் பெயர் என்று எழுதிவிடாதேங்கோ. கோபுரம் இளைய சாமுவேல், கப்பல் மூத்த சாமுவேல். பங்காளிகள் இரண்டு பேரின்ட பெயரும் ஒரு துறைமுகத்திலை சந்தித்தது, அவ்வளவுதான்.

சாமர்செட்டில் கொம்ப்டன் டண்டன் பக்கத்துக் குன்றில் நிற்கிற ‘ஹுட் நினைவுத்தூண்’ (1831) கூட இளையவருக்கு எழுப்பியதுதான். சொந்த ஊர்ப் பக்கம் என்பதால் மூத்தவர் என்று நினைக்கிற ஆட்கள் உண்டு.

---

நீராழி:

கப்பல்களுக்கு வருகிறேன்.

பிரிட்டிஷ் கடற்படையில் எச்.எம்.எஸ். ஹுட் மூன்று. ஆண்டு போடும்போது வெள்ளோட்ட ஆண்டையே (கப்பலை முதன்முதலில் நீரில் இறக்கிய ஆண்டு) போடுங்கள், சேவையில் சேர்த்த ஆண்டை அல்ல. மூன்றாவது கப்பலைச் சிலர் 1918 என்றும் சிலர் 1920 என்றும் எழுதுவதற்குக் காரணம் இந்தக் குழப்பம்தான். வெள்ளோட்டம் 1918 ஆகஸ்ட் 22, சேவையில் சேர்ந்தது 1920 மே.

1859: 91 பீரங்கிகள் கொண்ட மரக்கப்பல். கட்டத் தொடங்கியபோது பெயர் எட்கர், பிறகு ஹுட் ஆனது. 1872இலிருந்து துறைமுகப் பணி, 1888இல் விற்றுவிட்டார்கள். இதைப் பற்றி எழுத அதிகம் இல்லை.

1891: ராயல் சாவரின் வகுப்புப் போர்க்கப்பல், ஆனால் வகுப்பின் மற்ற ஏழு கப்பல்களிலிருந்தும் மாறுபட்டது. அவற்றில் பெரிய பீரங்கிகள் மேலே திறந்த மேடையில் இருந்தன. இதில் மட்டும் கனமான கவசக் கூண்டுக்குள் வைத்தார்கள். அப்படித்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவர் ஆர்தர் ஹுட். கூண்டின் எடை மேலே ஏறியதால் கப்பலின் சமநிலைக்காக மேல்தளத்தையே தாழ்த்த வேண்டி வந்தது. தளம் தாழ்ந்ததால், கொஞ்சம் அலை எழும்பினாலும் முன்பகுதி தண்ணீருக்குள் போய் வந்தது. வேகம் குறைந்தது. அதன்பின் அந்த அமைப்பில் பிரிட்டன் கப்பல் கட்டவில்லை. ஆர்தருக்கும் இந்தக் கப்பலுக்கும் உள்ள நெருக்கத்தைப் பார்த்து ‘ஆர்தர் ஹுட் பெயர் சூட்டப்பட்ட கப்பல்’ என்று எழுதத் தோன்றும். எழுதாதீர்கள். ‘ஹுட் குடும்பத்தின் பெயர்’ என்று போட்டு, வடிவமைப்பில் அவர் பங்கைத் தனியாகச் சொல்லுங்கள். 1914 நவம்பர் 4 அன்று போர்ட்லாண்ட் துறைமுகத்தின் தெற்கு வாயிலை அடைக்க இதை வேண்டுமென்றே மூழ்கடித்தார்கள். நீர்மூழ்கிகளும் டார்பிடோக்களும் உள்ளே வராமலிருக்க அந்த ஏற்பாடு. தலைகீழாகக் கவிழ்ந்து இன்னும் அங்கேதான் கிடக்கிறது. ‘மூழ்கிய ஹுட்’ என்று வெறுமனே எழுதினால் இதுவும் பொருந்தும், 1941 கப்பலும் பொருந்தும். ஆகவே இடத்தைச் சேர்த்தே எழுத வேண்டும்.

1918: எல்லாருக்கும் தெரிந்த ஹுட். கிளைட்பாங்கில் ஜான் பிரவுன் தளத்தில் கட்டியது. 262 மீட்டர் நீளம், 15 அங்குல பீரங்கிகள் எட்டு, பக்கவாட்டு எண் 51. திட்டமிட்டது நான்கு கப்பல்கள்: ஹுட், ஆன்சன், ஹோ, ராட்னி. நான்குமே அட்மிரல்கள் பெயர் என்பதால் அட்மிரல் வகுப்பு. மற்ற மூன்றையும் 1917இல் நிறுத்திவிட்டார்கள், பிறகு அந்தப் பெயர்கள் வேறு கப்பல்களுக்குப் போயின. 1941 மே 24 அன்று டென்மார்க் நீரிணையில் பிஸ்மார்க்கோடு மோதியதில் இருந்த 1,418 பேரில் தப்பியவர்கள் மூவர். அதன்பின் பிரிட்டிஷ் கடற்படை அந்தப் பெயரை எந்தக் கப்பலுக்கும் வைக்கவில்லை.

இந்தக் கப்பல் ஹொரேஸ் ஹுட் பெயர் என்று அடிக்கடி எழுதப்படுகிறது. காரணம் புரிகிறது: அவர் 1916இல் இறந்தார், அதே ஆண்டு கப்பலுக்கு அடிக்கட்டை போட்டார்கள், வெள்ளோட்டம் விட்டவர் அவருடைய மனைவி. மூன்றும் உண்மைதான், முடிவு மட்டும் தவறு. கப்பலின் சின்னத்தைப் பாருங்கள்: நங்கூரத்தைக் காலில் பிடித்த ஒரு கருங்காகம் போன்ற பறவை, அலகும் காலும் சிவந்த கார்னிஷ் சஃப். கீழே 1859 என்ற ஆண்டு, அதாவது முதல் ஹுட் கப்பலின் ஆண்டு. ‘சாதகமான காற்றோடு’ என்று பொருள்படும் லத்தீன் வாசகம். பறவையும் வாசகமும் வைகவுண்ட் ஹுட்டின் குடும்ப முத்திரையிலிருந்து எடுத்தவை. ஒரு கப்பல் யார் பெயர் என்று சந்தேகம் வந்தால் செய்திக் கட்டுரைகளைப் புரட்டுவதற்கு முன்னால் சின்னத்தைப் பார்ப்பது நல்லது.

ஹொரேஸுக்கும் இந்தக் கப்பலுக்கும் உள்ள உண்மையான தொடர்பு கப்பல் மணியில் இருக்கிறது. 2015 ஆகஸ்டில் சுமார் 2,800 மீட்டர் ஆழத்திலிருந்து அந்த மணியை மேலே கொண்டுவந்தார்கள். இப்போது போர்ட்ஸ்மத் கடற்படை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மணியின் உடலைச் சுற்றி வெட்டியிருக்கும் எழுத்து சொல்வது இது: 1891 முதல் 1914 வரை இருந்த போர்க்கப்பல் ஹுட்டின் மணி இது, அதைக் காப்பாற்றி வைத்தவர் ஜட்லாண்டில் இறந்த ஹொரேஸ் ஹுட், அவர் மனைவியின் விருப்பப்படி, கணவரின் நினைவாக, அவர் வெள்ளோட்டம் விட்ட புதிய ஹுட்டுக்கு வழங்கப்பட்டது. பழைய கப்பலின் மணி புதிய கப்பலில் தொங்கி, அதோடே மூழ்கி, திரும்ப வந்திருக்கிறது. பட்டியலில் ‘ஹுட் கப்பல் மணி’ என்று தனி வரி போட்டால் அதை எந்தக் கப்பலின் கீழே வைப்பது என்ற கேள்வி வரும். இரண்டின் கீழும் இணைப்புக் கொடுங்கள், வேறு வழியில்லை.

---

வரைபடப்பித்தன்:

மிக்க நன்றி. 

//கூண்டின் எடை மேலே ஏறியதால் கப்பலின் சமநிலைக்காக மேல்தளத்தையே தாழ்த்த வேண்டி வந்தது//

இது புதிய செய்தி எனக்கு. கப்பல்கள் ஓரளவு தெளிவாகிவிட்டன. யூ.எஸ்.எஸ். என்று தொடங்கும் அமெரிக்கக் கடற்படை ஹுட்கள் எத்தனை? என் பட்டியலில் ‘யூ.எஸ்.எஸ். ஹுட் மலை’, ‘யூ.எஸ்.எஸ். ஜான் ஹுட்’ என்று இரண்டு இருக்கின்றன. இரண்டும் 1944.

---

கொடிமரம்:

மூன்று. பெயர்களை முதலில் திருத்திக்கொள்ளுங்கள்: கப்பல் பெயரை மொழிபெயர்க்கக் கூடாது. ‘யூ.எஸ்.எஸ். மவுண்ட் ஹுட்’ என்றே இருக்கட்டும். மலைக்கட்டுரை ‘ஹுட் மலை’ என்றும் கப்பல் ‘மவுண்ட் ஹுட்’ என்றும் இருந்தால் தேடுபவருக்கும் பிரிவு தெரியும்.

யூ.எஸ்.எஸ். ஜான் ஹுட் (டிடி-655): நாசகாரிக் கப்பல், வெள்ளோட்டம் 1943, சேவையில் சேர்ந்தது 1944 ஜூன். இது சாமர்செட் குடும்பம் இல்லை. அலபாமாவில் பிறந்த அமெரிக்க ரியர் அட்மிரல் ஜான் ஹுட் (1859–1919) பெயர். 1898இல் ஹவானா துறைமுகத்தில் வெடித்த மெய்ன் கப்பலில் இருந்து தப்பியவர், பிறகு டெக்சாஸ் போர்க்கப்பலுக்குத் தலைமை தாங்கியவர். ‘ஹுட், டெக்சாஸ்’ என்று தேடினால் இவரும் வருவார், டெக்சாஸ் மாநிலத்து ஹுட்டும் வருவார். கவனம்.

யூ.எஸ்.எஸ். மவுண்ட் ஹுட் (ஏஇ-11): வெடிமருந்துக் கப்பல், 1944 ஜூலை. அமெரிக்கக் கடற்படை வெடிமருந்துக் கப்பல்களுக்கு எரிமலைப் பெயர் வைப்பது வழக்கம், ஒரிகன் ஹுட் மலையும் எரிமலை. ஆக, இதன் நேர் மூலம் மலை; முதல் மூலம் மூத்த சாமுவேல். பிரிட்டிஷ் அட்மிரலின் பெயர் எரிமலை வழியாக அமெரிக்கக் கப்பலில் போய் உட்கார்ந்திருக்கிறது. நான் சொன்ன இரண்டு பத்திகளும் தேவைப்படுவது இந்த மாதிரி வரிகளுக்குத்தான். கட்டும்போது இதன் பெயர் மார்கோ போலோ. 1944 நவம்பர் 10 காலையில் மானஸ் தீவின் சீஆட்லர் துறைமுகத்தில் சுமார் 3,800 டன் வெடிபொருளோடு வெடித்துச் சிதறியது. கப்பலில் இருந்த ஒருவரும் பிழைக்கவில்லை, கரைக்குப் போயிருந்த சிறு குழு மட்டும் தப்பியது. கடலடியில் சுமார் 1,000 அடி நீளத்துக்குப் பள்ளம் விழுந்தது.

அதே பெயரில் இரண்டாவது மவுண்ட் ஹுட் (ஏஇ-29), 1971 முதல் 1999 வரை. இதுதான் உங்கள் பட்டியலில் விடுபட்டது.

அமெரிக்கக் கப்பல்களுக்கு அடைப்புக்குறிக்குள் ஆண்டைவிட அந்த உடல் எண்ணே பாதுகாப்பு. பிரிட்டிஷ் கப்பல்களுக்கு வெள்ளோட்ட ஆண்டு. இரண்டையும் கலந்து ஒரே முறைக்குக் கொண்டுவர முயலாதீர்கள்.

---

மலைமுகடு:

இடங்கள் நான் சொல்கிறேன். கொடிமரம் ஐயா சொன்ன பத்தி முறை இங்கேதான் அதிகம் உதவும்.

1792இல் பிரிட்டிஷ் கடற்படையின் ஜார்ஜ் வான்கூவர் அமெரிக்காவின் வடமேற்குக் கரையை அளந்துகொண்டு போனார். அவருடைய பயண ஆணையில் கையெழுத்துப் போட்ட கடற்படை வாரிய உறுப்பினர்களில் லார்ட் ஹுட்டும் ஒருவர். அதனால் மே மாதம் ஒரு நீண்ட நீர்ப்பரப்புக்கு அவர் பெயர் போயிற்று, அதுவே ஹுட் கனால். அக்டோபர் கடைசியில் அவருடைய துணைத் தளபதி வில்லியம் பிராட்டன் கொலம்பியா ஆற்றில் மேலேறிப் போனபோது பனிமூடிய ஒரு மலையைப் பார்த்து அதற்கும் அதே பெயரை வைத்தார். அதுதான் ஹுட் மலை, 3,429 மீட்டர், ஒரிகனில் மிக உயரம். அந்தப் பகுதிப் பழங்குடிகளான மல்ட்னோமா மக்கள் வைத்திருந்த பெயர் வையீஸ்ட். ஒரு இடப்பெயர் யாருடையது என்று முடிவு செய்ய, பெயர் வைத்தவர் யாரிடம் வேலை பார்த்தார், எந்த ஆண்டு என்ற இரண்டு கேள்வி போதும். 1792இல் இளைய சாமுவேலுக்கு இன்னும் ‘சர்’ கூட வரவில்லை.

ஹுட் கனாலைப் பற்றி ஒரு எச்சரிக்கை: அது வெட்டிய கால்வாய் அல்ல, பனியாறு குடைந்த கடற்கழி, சுமார் 80 கிலோமீட்டர். வான்கூவர் நாட்குறிப்பில் ஒரு விதமாகவும் வரைபடத்தில் இன்னொரு விதமாகவும் எழுதிவிட்டார், வரைபடம் நின்றுவிட்டது. இதைச் செயற்கைக் கால்வாய்கள் பகுப்பில் போட்டுவிட்டால் யாராவது எடுத்துக்கொண்டே இருப்பார்கள்.

ஒரிகன் ஹுட் ஆறு: மலைப் பனியிலிருந்து இறங்கி கொலம்பியாவில் கலப்பது. 1805இல் லூயிஸ், கிளார்க் குழு வைத்த பெயர் வேறு. பிறகு நாய் ஆறு என்று வழங்கியது, பசியில் நாயைத் தின்ற பயணிகளால் வந்த பெயர் என்பார்கள். 1850களில் அங்கே குடியேறிய கோ குடும்பத்து மேரி கோவுக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. ஹுட் ஆறு நிலைத்தது. ஆற்றின் பெயர் ஊருக்கு, அங்கிருந்து 1908இல் உருவான கவுன்டிக்கு (மாவட்டத்துக்கு). எனவே ஹுட் ரிவர் ஊருக்கு ‘அட்மிரல் ஹுட் நினைவாக’ என்று எழுதுவது மலை, ஆறு என்ற இரண்டு படியைத் தாண்டிக் குதிப்பது.

கனடா நூனவுட் ஹுட் ஆறு: இதற்கும் மேற்சொன்ன யாருக்கும் சம்பந்தமில்லை. ஜான் ஃபிராங்க்ளினின் காப்பர்மைன் பயணத்தில் (1819–22) மிட்ஷிப்மேனாக (பயிற்சிநிலைக் கடற்படை அதிகாரியாக) இருந்த ராபர்ட் ஹுட் பெயர். லங்காஷயரின் பரி ஊர்ப் பாதிரியார் மகன், படம் வரைபவர், துருவ ஒளியைக் குறித்து வைத்தவர். 1821 அக்டோபரில், பட்டினியில் குழு சிதறிக் கிடந்தபோது மிஷேல் தெரோஹோட் என்பவரால் சுடப்பட்டு இறந்தார். வில்பர்ஃபோர்ஸ் அருவி இந்த ஆற்றில்தான். கடற்படை, பாதிரியார் மகன், ஹுட்: மூன்றும் ஒத்துப்போவதால் மூத்த சாமுவேலோடு சேர்த்துவிடுகிறார்கள். சாமர்செட், லங்காஷயர் என்று ஊரைப் பார்த்தால் விலகிவிடும்.

மலையும் இரண்டு. கனடாவின் ஆல்பர்ட்டாவில், கனனாஸ்கிஸ் பகுதி ஓபல் மலைத்தொடரில், சுமார் 2,900 மீட்டரில் இன்னொரு ஹுட் மலை இருக்கிறது. அது ஹொரேஸ் ஹுட். 1922இல் வைத்த பெயர். அந்தப் பகுதியில் ஜட்லாண்ட் போரின் ஆட்களும் கப்பல்களும் மலைகளாக நிற்கின்றன: இன்வின்சிபிள் மலை, இன்டிஃபாட்டிகபிள் மலை. மலைப்பெயர்களைச் சுற்றிப் பாருங்கள், பக்கத்து மலைகள் யார் பெயரென்று தெரிந்தால் இதுவும் யார் பெயரென்று தெரிந்துவிடும்.

தீவும் இரண்டு. கலாபகோஸில் எஸ்பனியோலா தீவின் ஆங்கிலப் பெயர் ஹுட் தீவு, மூத்த சாமுவேல். பசிபிக் கடலின் மார்க்கேசஸ் தீவுக்கூட்டத்தில் ஃபாட்டு ஹுக்கு தீவுக்கு 1774இல் ஜேம்ஸ் குக் வைத்ததும் ஹுட் தீவு. அங்கே அதை முதலில் கண்டது ரெசல்யூஷன் கப்பலில் இருந்த சிறுவன், பின்னாளைய கேப்டன் அலெக்சாண்டர் ஹுட். அதே கப்பலில் அதே பயணத்தில் இன்னொரு இளைஞனும் இருந்தார்: ஜார்ஜ் வான்கூவர்.

கலாபகோஸ் ஹுட்டை எடுத்தால் உயிரினங்களுக்கும் ஒரு பகுதி வேண்டியிருக்கும். ஹுட் மாக்கிங்பறவை, ஹுட் தீவு ஆமை. அந்த ஆமை இனத்தில் தீவில் எஞ்சியது வெறும் 14. சான் டியேகோ விலங்குப் பூங்காவிலிருந்து கொண்டுவந்த டியேகோ என்ற ஆணையும் சேர்த்து இனப்பெருக்கம் செய்து, டியேகோவை 2020 ஜூனில் தீவிலேயே விட்டார்கள். ஆமைக்கு அட்மிரல் நேர் மூலம் அல்ல, தீவுதான்.

நோவா ஸ்கோஷியாவின் போர்ட் ஹுட்: மூத்த சாமுவேல். இதில் சிக்கல் இல்லை.

---

நீராழி:

டெக்சாஸ் யாரும் சொல்லவில்லையே. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

ஹுட் கவுன்டி (1866) கென்டக்கியில் பிறந்த ஜான் பெல் ஹுட் (1831–1879) பெயர். அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்மாநிலப் படைத் தளபதி. டெக்சாஸ் படைப்பிரிவை நடத்தியவர், அதனால் அந்த மாநிலத்தில் பெயர். கெட்டிஸ்பர்கில் ஒரு கை செயலிழந்தது, சிக்கமாகாவில் ஒரு கால் போனது. இளைய சாமுவேலுக்கும் ஒரு கை இல்லை என்பதால் ‘கை இழந்த ஹுட்’ படம் ஒன்றை எடுத்துப் போடும்போது சீருடை கடற்படையா தரைப்படையா என்று பாருங்கள்.

ஹுட் கோட்டை இன்னும் சிக்கல். 1942இல் ஹுட் முகாமாகத் தொடங்கியபோது ஜான் பெல் ஹுட். 2023 மே மாதம் பெயரை மாற்றி ரிச்சர்டு கவாசோஸ் பெயரில் கவாசோஸ் கோட்டை ஆக்கினார்கள். 2025இல் மறுபடி ஹுட் கோட்டை. ஆனால் பழைய ஹுட் இல்லை! முதல் உலகப் போரில் பிரான்சில் வீரப்பதக்கம் பெற்ற கர்னல் ராபர்ட் பி. ஹுட் என்பவர் பெயர் என்று அறிவித்தார்கள். ஒரே இடம், ஒரே எழுத்து, ஆள் மட்டும் வேறு. இதற்கு ஒரு வரி போதாது. ‘1942–2023: ஜான் பெல் ஹுட், 2025 முதல்: ராபர்ட் பி. ஹுட்’ என்று ஆண்டோடு இரண்டு வரியாகப் போடுங்கள். விக்கிப்பீடியாவின் தரவுத்தளமான விக்கித்தரவிலும் யார் பெயரால் என்பதற்கு இரண்டு மதிப்பு, ஒவ்வொன்றுக்கும் தொடக்கமும் முடிவும். பழைய மதிப்பை அழித்துவிட்டுப் புதியதைப் போட்டால் 2023க்கு முன் எழுதிய கட்டுரைகள் எல்லாம் தவறான ஹுட்டைக் காட்ட ஆரம்பித்துவிடும்.

நூனவுட் ராபர்ட் ஹுட்டும் இந்த ராபர்ட் ஹுட்டும் வேறு வேறு என்பதையும் குறிப்பிட்டுவிடுங்கள்.

---

வரைபடப்பித்தன்:

எல்லாருக்கும் நன்றி. பக்கத்தை இப்படி அமைக்கிறேன்: ஆட்கள் (சாமர்செட் குடும்பம் தனி, மற்றவர்கள் தனி), இடங்கள், கப்பல்கள், உயிரினங்கள். ஒவ்வொரு வரியிலும் நேர் மூலம் மட்டும். முதல் மூலம் அந்தந்தக் கட்டுரைக்குள்.

கடைசியாக இரண்டு சந்தேகம். ஹுட், ஹூட் இரண்டும் புழங்குகின்றன, எது தலைப்பு? டயமண்ட் பாறையைக் கப்பல்களில் சேர்ப்பதா? ராபின் ஹுட்டையும் அவர் பெயரிலான யார்க்ஷயர் விரிகுடாவையும் என்ன செய்வது?

---

கொடிமரம்:

அது மூன்று :)

குறில் ஹுட் தலைப்பு, நெடில் ஹூட் வழிமாற்று. உச்சரிப்பு குறில்தான்.

டயமண்ட் பாறையை விடுங்கள். மார்ட்டினிக் அருகே கடலில் 175 மீட்டர் உயரத்தில் நிற்கும் அந்தப் பாறையை 1804இல் இளைய சாமுவேல் பிடித்து, உச்சிக்குப் பீரங்கி ஏற்றி, ‘எச்.எம்.எஸ். டயமண்ட் ராக்’ என்று கப்பலாகவே பதிவு செய்ய வைத்தார், 1805 ஜூனில் பிரெஞ்சுக்காரர்கள் திரும்பப் பிடித்தார்கள். பாறையே கப்பலானது சுவையான விஷயம்தான், ஆனால் ஹுட் என்ற பெயர் அதில் இல்லை. இளைய சாமுவேல் கட்டுரையில் இடம் உண்டு, இந்தப் பக்கத்தில் இல்லை.

ராபின் ஹுட் வகையறாவை மேலே ஒரே வரியில் ‘வேறு பயன்பாட்டுக்கு’ என்று இணைத்துவிட்டுப் பட்டியலில் சேர்க்காதீர்கள். சேர்த்தால் ராபின் ஹுட் பெயருள்ள மாவு நிறுவனத்திலிருந்து பள்ளி வரை எல்லாரும் வந்து வரிசையில் நிற்பார்கள்.